வக்கீல் காப்பாற்றும் ரகசியம் யாருடையது? கட்சிக்காரருக்கும் வக்கீலுக்கும் சட்டம் போட்டிருக்கும் எல்லைகள்

2025 ஜூன் மாதம் அமலாக்கத்துறை இரண்டு மூத்த வழக்கறிஞர்களுக்கு அடுத்தடுத்து சம்மன் அனுப்பியது. ஒருவர் அரவிந்த் தாத்தார், இன்னொருவர் பிரதாப் வேணுகோபால். ஒரு இன்சூரன்ஸ் நிறுவனத்தின் பங்கு ஒதுக்கீடு பற்றி அவர்கள் தரப்பிலிருந்து போயிருந்த சட்டக் கருத்துதான் காரணம். வழக்கறிஞர் சங்கங்கள் கொதித்தெழுந்ததும் இரண்டு சம்மன்களும் திரும்பப் பெறப்பட்டன. அதே மாதம், ஒரு குற்ற வழக்கில் பெயில் வாங்கிக் கொடுத்த குஜராத் வக்கீலுக்கு உள்ளூர் போலீஸ் நோட்டீஸ் கொடுத்த விவகாரமும் உச்ச நீதிமன்றம் வரை போனது. நீதிமன்றம் பிரச்சினையைத் தானாகவே விசாரணைக்கு எடுத்துக்கொண்டு, வக்கீல்களுக்கு இப்படிச் சம்மன் அனுப்புவதற்குக் கட்டுப்பாடுகள் விதித்து 2025 அக்டோபர் 31 அன்று தீர்ப்புச் சொன்னது.

தீர்ப்பு வந்ததும் பலரும் கேட்ட கேள்வி: மற்றவர்களை எல்லாம் போலீஸ் கூப்பிட்டு விசாரிக்கலாம், வக்கீலுக்கு மட்டும் என்ன தனிச் சலுகை? இதன் கூடவே எப்போதும் ஒட்டிக்கொண்டு வரும் இன்னொரு கேள்வியும் உண்டு: குற்றம் செய்தவன் என்று தெரிந்தும் ஒருவர் எப்படி அவனுக்காக வாதாடலாம்? இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது. வக்கீலுக்குத் தரப்பட்டதாகத் தோன்றும் பாதுகாப்புகளில் மிக முக்கியமானவை உண்மையில் கட்சிக்காரருக்கு, அதாவது வழக்கை அவரிடம் ஒப்படைப்பவருக்கு, தரப்பட்டவை. இதைப் புரிந்துகொள்ள அடிப்படையிலிருந்தே வருவோம்.

வக்காலத்தில் கையெழுத்துப் போட்டதும் என்ன நடக்கிறது

வக்காலத்து என்பது ஒன்றிரண்டு பக்க அச்சுத் தாள். மேலே நீதிமன்றத்தின் பெயர், வழக்கு எண், வாதி பிரதிவாதி பெயர்கள். கீழே பொடி எழுத்தில் ஒரு பத்தி: எனக்காக ஆஜராகவும், வாதாடவும், ஆவணங்களைத் தாக்கல் செய்யவும் திரும்பப் பெறவும், பணம் கட்டவும் பெறவும், சமாதானம் செய்துகொள்ளவும் இன்னாரை நியமிக்கிறேன் என்று போகும். கட்சிக்காரர் கையெழுத்திட, அதை ஒருவர் சான்றொப்பமிட, வக்கீல் ஏற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போடுவார். தமிழ்நாட்டில் வழக்கறிஞர் சேமநல நிதி ஸ்டாம்பும் ஒட்ட வேண்டும். பெரும்பாலானவர்கள் குமாஸ்தா விரல் வைத்துக் காட்டும் இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். அந்தப் பத்தியை ஒருமுறையாவது படிக்க வேண்டும். 'பணம் பெறவும்', 'சமாதானம் செய்துகொள்ளவும்' என்ற சொற்களின் கனம் அப்போதுதான் புரியும்.

இந்தத் தாளுக்குப் பிறகு வக்கீல் நீதிமன்றத்தில் சொல்வது கட்சிக்காரர் சொன்னதாகவே எடுத்துக்கொள்ளப்படும். வாய்தா கேட்பது, எந்தச் சாட்சியிடம் என்ன கேட்பது, எந்தத் தீர்ப்பை மேற்கோள் காட்டுவது போன்ற தொழில்முறை முடிவுகளை அவரே எடுக்கலாம். ஆனால் கட்சிக்காரரின் உரிமையையே விட்டுக்கொடுக்கும் முடிவு வேறு. வக்கீல் என்பவர் கட்சிக்காரரின் முகவர், அவருடைய நம்பிக்கைக்குக் கட்டுப்பட்டவர், தெளிவான அனுமதி இல்லாமல் அவருடைய உரிமையை விட்டுத்தரக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2015-இல் இமாலயன் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்க வழக்கில் விளக்கமாகச் சொன்னது. வக்காலத்தில் அச்சடித்த அதிகாரம் இருந்தாலும், சமரசம் என்று வந்தால் கட்சிக்காரரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குவதுதான் முறை.

அதே நேரம், வக்கீல் கட்சிக்காரரின் ஊதுகுழலும் அல்ல. வக்கீல் தொழிலை ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சில் ஆஃப் இந்தியாவின் நடத்தை விதிகளில் 4-ஆவது விதி இதைத் தெளிவாகவே சொல்கிறது. கட்சிக்காரர் குறுக்கு வழியில் போகப் பார்த்தால் தடுக்க வேண்டும். கேட்காவிட்டால் வழக்கை விட்டு விலக வேண்டும். "நான் சொல்றதைப் பேசத்தானே காசு கொடுக்கிறேன்" என்று கோபப்படுகிறவர்களுக்கு இந்த விதி தெரிவதில்லை.

ஒரே கறுப்பு கோட், வேறு வேறு பொறுப்பு

நீதிமன்றத்தில் எல்லோரும் ஒரே மாதிரி உடையில் இருப்பதால் வரும் குழப்பம் இது. சுருக்கமாக:

1. வழக்கை நடத்தும் வழக்கறிஞர். வக்காலத்து இவர் பெயரில்தான் இருக்கும். கட்சிக்காரருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் இவரே.

2. மூத்த வழக்கறிஞர். வயதில் மூத்தவர் என்று பொருளல்ல. 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 16-ஆவது பிரிவின்படி நீதிமன்றம் தரும் தகுதி. இவர் வக்காலத்து போட முடியாது. இன்னொரு வழக்கறிஞர் வழியாகத்தான் வழக்குக்குள் வருவார்.

3. அரசுத் தரப்பு குற்றவியல் வழக்கறிஞர், அதாவது பப்ளிக் பிராசிக்யூட்டர். இவரைப் பலர் 'பாதிக்கப்பட்டவரின் வக்கீல்' என்றோ 'போலீஸ் வக்கீல்' என்றோ நினைக்கிறார்கள். இரண்டும் சரியல்ல. நிரபராதிக்குத் தண்டனை கிடைத்துவிடாதபடி வழக்கை நடத்த வேண்டும், குற்றம்சாட்டப்பட்டவருக்குச் சாதகமான ஆதாரத்தை மறைக்கக் கூடாது என்று நடத்தை விதி 16 இவருக்குக் கட்டளையிடுகிறது. எப்படியாவது தண்டனை வாங்கித் தருவது இவர் வேலை அல்ல.

4. அமிக்கஸ் கியூரி. நீதிமன்றம் தனக்கு உதவியாக நியமிப்பவர். குற்றம்சாட்டப்பட்டவருக்கு வக்கீல் இல்லாதபோது அவர் பக்கம் நின்று பேச இவரை நியமிப்பதும் உண்டு.

5. சட்டப்பணிகள் ஆணைக்குழு வழங்கும் வழக்கறிஞர். இவரைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

குற்றவாளிக்காக வாதாடலாமா?

குற்றவாளியா இல்லையா என்று முடிவு செய்வது நீதிபதியின் வேலை. வக்கீல் அந்த முடிவைத் தன் அறையிலேயே எடுத்துவிட்டால், விசாரணை நடப்பதற்கு முன்பே தீர்ப்பு வந்துவிட்டது என்று அர்த்தம். அதனால்தான் நடத்தை விதி 15, குற்றம்சாட்டப்பட்டவரின் குற்றத்தைப் பற்றித் தன் சொந்தக் கருத்து எதுவாக இருந்தாலும் அவருக்காக வாதாடுவது வக்கீலின் கடமை என்கிறது. நியாயமான, கண்ணியமான வழிகளில் மட்டும் என்ற நிபந்தனையும் அதிலேயே இருக்கிறது.

அப்படியானால் குற்றம்சாட்டப்பட்டவரின் வக்கீல் உண்மையில் என்ன செய்கிறார்? ஒரு கொலை வழக்கை வைத்துக்கொள்வோம். நள்ளிரவு 1 மணிக்கு எஃப்.ஐ.ஆர். பதிவானது என்கிறது போலீஸ். அது மாஜிஸ்திரேட்டிடம் போய்ச் சேர்ந்ததோ அன்று மாலை 5 மணிக்கு. இரண்டு தெரு தள்ளியிருக்கும் நீதிமன்றத்துக்குப் போக 16 மணி நேரம் ஏன்? நடுவில் உட்கார்ந்து பெயர்களைச் சேர்த்தார்களா? கத்தியைக் கைப்பற்றியதைப் பதிவு செய்த மகஜரில் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டவர் கிராம நிர்வாக அலுவலர். குறுக்கு விசாரணையில் வக்கீல் கேட்பார்: நீங்கள் அந்த இடத்துக்குப் போனீர்களா, ஸ்டேஷனில் வைத்துக் கையெழுத்துப் போட்டீர்களா? போன நேரம் என்ன? யார் வண்டியில் போனீர்கள்? அப்போது வெளிச்சம் இருந்ததா?

இவை குற்றவாளியைத் தப்பவைக்கும் தந்திரக் கேள்விகள் அல்ல. போலீஸ் சொல்வது உண்மையென்றால் இவற்றுக்கு நேரான பதில் இருக்கும். வழக்கு இன்னும் உறுதியாகும். பதில் இல்லையென்றால், இதே குறைபாட்டோடு நாளை ஒரு நிரபராதியும் சிறைக்குப் போகலாம். சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கும் பொறுப்பு முழுக்க அரசுடையது. அது சரியாக நிறைவேறியதா என்று சோதிக்க அந்த அறையில் வேறு ஆள் கிடையாது.

சரி, கட்சிக்காரரே "நான்தான் செய்தேன்" என்று வக்கீலிடம் ஒப்புக்கொண்டுவிட்டால்? அரசின் ஆதாரம் போதுமானதா என்று அப்போதும் கேள்வி கேட்கலாம். தண்டனையைக் குறைக்கச் சொல்லி வாதாடலாம். ஆனால் பொய் என்று தெரிந்த சாட்சியைக் கூண்டில் ஏற்றக் கூடாது. "செய்தவன் இவனல்ல, அதோ அவன்" என்று வேறொரு நிரபராதியைக் கைகாட்டக் கூடாது.

வக்கீலின் சொந்தக் கொள்கையும் அவர் எடுக்கும் வழக்கும் வேறு வேறு என்பதற்குச் சென்னைக்கு நன்கு தெரிந்த பெயர் ஒன்று உண்டு. சென்னை பாரிஸ்டர் எர்ட்லி நார்ட்டன், 1887-இல் இங்கே கூடிய காங்கிரஸ் மாநாட்டில் இந்தியர்கள் பக்கம் நின்று பேசியவர். அவரேதான் 1908-இல் தொடங்கிய அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் அரசுத் தரப்பில் நின்று அரவிந்தருக்கு எதிராக வாதாடினார். எதிரே சி.ஆர். தாஸ். அரவிந்தர் 1909 மே மாதம் விடுதலையானார்.

வக்கீலே இல்லாமல் போனால் என்ன ஆகும்

இந்தக் கட்டுரையில் நான் அதிகம் வலியுறுத்த விரும்பும் பகுதி இது.

கைது செய்யப்பட்ட எவருக்கும் தான் விரும்பும் வக்கீலைக் கலந்தாலோசிக்கவும் அவர் மூலம் வாதாடவும் அரசியலமைப்பின் 22(1) உறுப்பு உரிமை தருகிறது. ஆனால் ஊரையே உலுக்கும் குற்றம் நடந்தால், "இவனுக்காக எங்கள் உறுப்பினர் யாரும் ஆஜராக மாட்டோம்" என்று வக்கீல் சங்கங்கள் தீர்மானம் போடுவது வழக்கமாகிவிட்டது. கோயம்புத்தூரில் வக்கீல்களுக்கும் போலீசாருக்கும் மோதல் வந்தபோது, குற்றம்சாட்டப்பட்ட போலீசாருக்காக யாரும் ஆஜராகக் கூடாது என்று அங்குள்ள சங்கம் தீர்மானித்தது. அந்த விவகாரம் முகமது ரஃபி எதிர் தமிழ்நாடு அரசு என்ற வழக்காக உச்ச நீதிமன்றம் போக, 2010 டிசம்பரில் நீதிபதிகள் மார்க்கண்டேய கட்ஜு, கியான் சுதா மிஸ்ரா அமர்வு, இப்படிப்பட்ட தீர்மானங்கள் எல்லாம் செல்லாதவை, அரசியலமைப்புக்கும் தொழில் தர்மத்துக்கும் விரோதமானவை என்று அறிவித்தது. மும்பைத் தாக்குதலில் பிடிபட்ட கசாபுக்கு எதிராகவும் மும்பையில் அப்படி ஒரு தீர்மானம் வந்தது. இருந்தும் அவருக்கு வக்கீல்கள் நியமிக்கப்பட்டு, உச்ச நீதிமன்றம் வரை வாதம் நடந்து, அதற்குப் பிறகே தண்டனை நிறைவேறியது. 2012-இல் வந்த அந்தத் தீர்ப்பில்தான், கைதானவரை முதன்முதலில் ரிமாண்டுக்குக் கொண்டுவரும்போதே அவருக்கு வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு என்று சொல்வது மாஜிஸ்திரேட்டின் கடமை என நீதிமன்றம் உறுதிப்படுத்தியது.

வக்கீல் இல்லாத விசாரணை எப்படி முடியும் என்பதற்கு டெல்லியிலிருந்து ஒரு வழக்கு. 1997 டிசம்பர் 30 அன்று ஒரு பேருந்தில் குண்டு வெடித்து 4 பேர் இறந்தார்கள். முகமது உசேன் என்ற பாகிஸ்தானியர் மீது வழக்கு. விசாரணையில் சாட்சிகளில் பெரும்பாலோர், குற்றம்சாட்டப்பட்டவருக்கு வக்கீல் இல்லாமலேயே சாட்சி சொல்லிவிட்டுப் போனார்கள். குறுக்கு விசாரணை செய்ய ஆளில்லை. விசாரணை நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது, உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2012-இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்து, வக்கீலோடு மறுபடி முதலிலிருந்து விசாரிக்கச் சொன்னது. மறுவிசாரணை முடிவில், 2013 ஜனவரியில், அவர் விடுதலை செய்யப்பட்டார். சம்பவம் அதே, குற்றச்சாட்டும் அதே. கேள்வி கேட்க ஒரு வக்கீல் இருந்தார் என்பதுதான் வித்தியாசம்.

காசில்லாதவருக்கு வக்கீல் எங்கே கிடைப்பார்? அரசியலமைப்பின் 39ஏ உறுப்பும் 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டமும் அதற்காகத்தான். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பே பார்க்கப்படுவதில்லை. வசதியுள்ள பெண்ணும் கேட்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்ட, வட்ட அலுவலகங்கள் இருக்கின்றன. 15100 என்ற எண்ணிலும் கூப்பிடலாம். 'இலவச வக்கீல்தானே' என்ற அலட்சியம் மக்களிடமும் இருக்கிறது, அந்தப் பட்டியலில் உள்ள சில வக்கீல்களிடமும் இருக்கிறது. முகமது உசேன் வழக்கைப் படித்தவர்கள் யாரும் அந்த அலட்சியத்தைச் சிறு விஷயமாக நினைக்க முடியாது.

ரகசியம் எதுவரை?

இப்போது சம்மன் விவகாரத்துக்கு வருவோம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 132-ஆவது பிரிவு, பழைய 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 126-ஆவது பிரிவைப் பெரும்பாலும் அப்படியே தொடர்கிறது. தொழில்முறையில் கட்சிக்காரர் சொன்னதையும், அவர் காட்டிய ஆவணத்தில் இருந்ததையும், தான் சொன்ன ஆலோசனையையும் வக்கீல் வெளியே சொல்லக் கூடாது. வழக்கு முடிந்த பிறகும் இந்தக் கடமை தொடரும். குமாஸ்தாவுக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் இதே கட்டுப்பாடு உண்டு. கட்சிக்காரர் வெளிப்படையாகச் சம்மதித்தால் மட்டும் சொல்லலாம். இதை விட்டுக்கொடுக்கும் உரிமை வக்கீலிடம் இல்லை, கட்சிக்காரரிடம்தான் இருக்கிறது.

சட்டம் தானே தரும் உதாரணங்கள் எல்லையை மிக அழகாகக் காட்டுகின்றன:

1. "நான் போலிப் பத்திரம் தயாரித்துவிட்டேன், எனக்காக வாதாடுங்கள்" என்று ஒருவர் சொல்கிறார். இது ரகசியம். நடந்து முடிந்த குற்றத்துக்குச் சட்ட உதவி கேட்பது குற்றமல்ல.

2. "இந்தப் போலிப் பத்திரத்தை வைத்துச் சொத்தை எனக்கு வாங்கித் தர வழக்குப் போடுங்கள்" என்கிறார். இது ரகசியமல்ல. இனிமேல் நடக்கப்போகும் மோசடிக்கு வக்கீலைக் கருவியாக்குகிறார்.

3. பணம் கையாடிய வழக்கில் கட்சிக்காரரின் கணக்குப் புத்தகத்தில், வழக்கை ஏற்றபோது இல்லாத ஒரு பதிவு இப்போது புதிதாக ஏறியிருப்பதை வக்கீல் பார்க்கிறார். இதுவும் ரகசியமல்ல. தான் நியமிக்கப்பட்ட பிறகு நடந்த மோசடியை மறைக்க வக்கீலுக்குக் கடமையில்லை.

இந்தப் பாதுகாப்பு இல்லையென்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நாளை வக்கீலைக் கூண்டில் ஏற்றி "உங்களிடம் என்ன சொன்னார்?" என்று கேட்கலாம் என்றால், எந்தக் கட்சிக்காரரும் உண்மையைச் சொல்ல மாட்டார். முழு உண்மை தெரியாத வக்கீல் தப்பான ஆலோசனைதான் தருவார்.

அக்டோபர் 31 தீர்ப்பு சொன்னது என்ன

அப்போதைய தலைமை நீதிபதி பி.ஆர். கவாய், நீதிபதிகள் கே. வினோத் சந்திரன், என்.வி. அஞ்சாரியா அமர்வின் உத்தரவுகளில் முக்கியமானவை:

1. வழக்கின் விவரத்தைத் தெரிந்துகொள்வதற்காக, குற்றம்சாட்டப்பட்டவரின் வக்கீலுக்கு விசாரணை அதிகாரி சம்மன் அனுப்பக் கூடாது. 132-ஆவது பிரிவின் விதிவிலக்குக்குள் (மேலே பார்த்த சம்மதம், மோசடி போன்றவை) விஷயம் வந்தால் மட்டுமே அனுப்பலாம்.

2. அப்படி அனுப்பினால், எந்த உண்மைகளின் அடிப்படையில் எந்த விதிவிலக்கு என்று சம்மனிலேயே எழுத வேண்டும். எஸ்.பி. பதவிக்குக் குறையாத மேலதிகாரி எழுத்தில் ஒப்புதல் தர வேண்டும்.

3. சம்மனை எதிர்த்து வக்கீலும் போகலாம், கட்சிக்காரரும் நீதிமன்றத்துக்குப் போகலாம்.

4. வக்கீலின் லேப்டாப், செல்போன் போன்ற கருவிகள் தேவைப்பட்டால் அவற்றை நீதிமன்றத்தில்தான் ஒப்படைக்கச் சொல்ல வேண்டும். வக்கீலும் கட்சிக்காரரும் இருக்கும்போதுதான் திறக்க வேண்டும். மற்றக் கட்சிக்காரர்களின் ரகசியம் வெளியே போய்விடக் கூடாது.

5. ஒரு நிறுவனத்தில் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் சட்ட அதிகாரிக்கு 132-ஆவது பிரிவின் பாதுகாப்பு கிடையாது. கம்பெனிக்காரர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

வழக்கறிஞர் அமைப்புகள், சம்மனுக்கு முன்பே ஒரு மாஜிஸ்திரேட்டின் அனுமதி வேண்டும் என்று கேட்டன. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. என் பார்வையில் இது தீர்ப்பின் பலவீனமான பகுதி. ஒரு போலீஸ் அதிகாரியின் முடிவுக்கு அதே துறையின் மேலதிகாரி ஒப்புதல் தருவது பெரிய தடையாக இருக்காது. பெரிய வக்கீலுக்கு வரும் சம்மன் அன்றே செய்தியாகிவிடும். தாலுகா கோர்ட்டில் பெயில் மனு போடும் ஜூனியருக்கு ஸ்டேஷனிலிருந்து போன் வந்தால், அவர் உயர் நீதிமன்றம் போய் எதிர்ப்பாரா, அல்லது அடுத்த முறை அப்படிப்பட்ட வழக்கையே தவிர்ப்பாரா? அவர் தவிர்த்தால் நஷ்டம் கட்சிக்காரருக்குத்தான்.

கட்சிக்காரர் கையில் இருப்பவை

வழக்கின் நிலையைத் தெரிந்துகொள்ள வக்கீலையே நம்பியிருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு வழக்குக்கும் 16 இலக்க சி.என்.ஆர். எண் உண்டு, ஈகோர்ட்ஸ் இணையதளத்திலோ செயலியிலோ அடுத்த வாய்தா தேதியைப் பார்க்கலாம். கேஸ் கட்டு கட்சிக்காரருடையது. ஃபீஸ் பாக்கி இருக்கிறது என்பதற்காக வக்கீல் அதைப் பிடித்துவைத்துக்கொள்ள முடியாது என்று ஆர்.டி. சக்சேனா வழக்கில் 2000-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாக்கிக்குத் தனியாக வழக்குப் போட வேண்டியதுதான். வக்கீலை மாற்ற விரும்பினால் பழையவரின் ஒப்புதல் வாங்குவது நடைமுறை. தர மறுத்தால் நீதிமன்ற அனுமதியோடு புது வக்காலத்து போடலாம்.

வழக்கின் முடிவைப் பொறுத்து ஃபீஸ் பேசுவதையும், கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பதையும் நடத்தை விதி 20 தடை செய்கிறது. விபத்து இழப்பீட்டு வழக்குகளில் "வர்ற பணத்தில் இத்தனை சதவீதம்" என்று பேசுவது நம் ஊரில் சகஜமாக இருந்தாலும், அது விதிமீறல்தான்.

சேவைக் குறைபாடு என்று வக்கீல் மீது நுகர்வோர் மன்றத்துக்குப் போகும் வழியை 2024 மே 14-ஆம் தேதித் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் மூடிவிட்டது. வேறு வழிகள் திறந்தே இருக்கின்றன. அலட்சியத்தால் நஷ்டம் ஏற்பட்டால் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரலாம். வக்கீல் என்ற ஒரே காரணத்துக்காக யாருக்கும் இதிலிருந்து விலக்கு இல்லை என்று 1926-ஆம் ஆண்டு சட்டத் தொழில் புரிவோர் கட்டணச் சட்டம் சொல்கிறது. ஒழுக்கக்கேடு என்றால் வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35-ஆவது பிரிவில் மாநில பார் கவுன்சிலுக்குப் புகார் எழுதலாம். கண்டிப்பதிலிருந்து தொழில் செய்யத் தற்காலிகத் தடை, பெயரையே பதிவேட்டிலிருந்து நீக்குவது வரை தண்டனை உண்டு. ஒரு வருடத்துக்குள் புகாரை முடிக்காவிட்டால் அது பார் கவுன்சில் ஆஃப் இந்தியாவுக்கு மாறிவிடும். மாநில பார் கவுன்சிலின் முடிவு திருப்தியளிக்காவிட்டால், உத்தரவு கிடைத்த 60 நாளுக்குள் அங்கே மேல்முறையீடு செய்யலாம். அதன் பிறகு உச்ச நீதிமன்றத்துக்குப் போகவும் அதே 60 நாள்தான் அவகாசம்.